எழுபத்திரண்டு

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு
புரைமிக்கு வெளியே, காய்ந்த வாதியில்
முஹன்னா தன் பழைய பட்டாளத் துப்பாக்கியை எடுப்பார்.
எட்டுக் குண்டு.
எட்டாவது போனதும் கிளிப் தானே எகிறி
டிங் என்னும்.
அதற்கப்புறம்தான் எனக்கு வேலை.

வெற்றுக்கூடுகளை இது கையில் தராது.
கோபத்தில் வீசிய சோற்றுத்தட்டு மாதிரி
வலப்பக்கம் எங்கோ எறியும்.
முள், ஆட்டுப்புழுக்கை, கொதிக்கிற கல்.
குனிந்தபடியே பொறுக்குவேன்.

சனிக்கிழமை, கடையின் பின்னறை.
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
பலூச்சி தாத் கரீம்
நுனி வளைத்த கம்பியைக் கூட்டுக்குள் விட்டு
உள்சுவரைத் தடவுவார், கண் மூடி.
கம்பி இடறினால்
வெளியே எவ்வளவு மினுக்கினாலும் "கலாஸ்."
தகர டப்பாவில் விழும்.
தப்பித்தவற்றை நான் கழுவிக் காயவைப்பேன்.
மருந்து நிறுப்பது அவர் மட்டும்.
"அவசரக்காரத் துப்பாக்கி இது.
கேப் மயிரிழை துருத்தினால் போதும்,
கதவு சாத்துமுன்னே வெடிக்கும்."

போன வாரம் எழுபத்தொன்றுதான் இருந்தது.
மூன்று முறை எண்ணினார்.

சுடச்சுட என் காலருக்குள் விழுந்த ஒன்று
அறையில், காலுறைக்குள் கிடக்கிறது.
ஏன் எடுத்தேன் என்று கேட்டால்
தெரியாது.
வீடியோவில் பூங்கோதை கேட்டாள்:
"கழுத்துல என்ன?"
"இஸ்திரிப் பெட்டி."
"சட்டையப் போட்டுக்கிட்டா தேப்பீங்க?"

தாத் கரீம் என் கழுத்தைப் பார்த்தார்.
நோட்டில் எழுபத்திரண்டு என்று எழுதினார்.
பிறகு, தலை நிமிராமல்,
கம்பியை என் பக்கம் தள்ளினார்.

இரவு விட்டுப் பார்த்தேன்.
இடறியது.