ஒன்று முதல் ஆறு வரை

அப்பிள் சாறு கொம்பனியில் கணக்கு எழுதுகிறவள் என்பதால்
என்னைக் கூட்டிப் பார்க்கப் போட்டார்கள்,
தீர்ப்புச் சொல்ல அல்ல.
கிரொய்ஸ்லிங்கன். வாவியிலிருந்து புகார் ஏறிவந்த
நவம்பரின் வெள்ளி, சனி, ஞாயிறு.
ஐந்து படங்கள், ஐந்து காலம்,
எல்லாம் அந்தந்த வருடம் பரிசு வாங்கியவை.
இப்போதும் தகுமா என்று சொல்ல மூன்று பேர்.

பல் வைத்தியர் ஹன்ஸ்யூர்க்,
ஓய்வு பெற்றும் வாயைப் பார்த்தே கதைப்பவர்.
ரயிலில் டிக்கெட் பார்க்கும் ரேத்தோ.
எல்லைக்கு அப்பால் கொன்ஸ்டான்ஸிலிருந்து மெக்ட்டில்ட்,
முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட ஆசிரியை.
சைக்கிளில் ஏழு நிமிடம்.
எல்லையில் இப்போது வேலி இல்லை,
உருக்குச் சிலைகள் நிற்கின்றன,
அவை கடவுச்சீட்டுக் கேட்பதில்லை.

ஐம்பத்துமூன்றில்
நல்ல கோட்டு அணிந்தவர்கள் மலை ஏறினார்கள்.
எப்போது அழவேண்டும் என்று
வயலின் முன்கூட்டியே அறிவித்தது.
அறுபத்தேழில் ஒருவன் படுக்கையில் புகைத்தபடி
பெண் என்றால் என்னவென்று
ஒரு பெண்ணுக்கே விளக்கினான், ஒன்றேகால் மணித்தியாலம்.
ரேத்தோ குறட்டை விட்டார். நான் எழுப்பவில்லை,
சம்பளம் அதற்கல்ல.
சம்பளமே இல்லை.
இரண்டாயிரத்து ஒன்பதில் எல்லோரும்
யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
கமராவுக்குக் காய்ச்சல்போல நடுக்கம்.

எழுபத்தெட்டில் ஒருத்தி கோப்பை கழுவினாள்.
பதினொரு நிமிடம். வெட்டு இல்லை, இசை இல்லை.
றோமான்ஸ்ஹோர்ன் விடுதியொன்றின் குசினியில்
மூன்று வருடம் நின்றவள் நான்.
நடிக்கிறாளா என்று பிடித்துவிடலாமென முன்னால் சாய்ந்தேன்.
கத்திகளைக் கடைசிக்கு வைத்தாள்.
தண்ணீர் கொதிக்க, கையை எடுக்காமல்
விரல்களை மட்டும் விரித்தாள்.
அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.
மெக்ட்டில்ட் இருமினாள், கைப்பையில் இனிப்புத் தேடினாள்,
காகிதம் சரசரத்தது பதினொரு நிமிடமும்.

தொண்ணூற்றிநாலைப் பற்றி நான் நியாயமாகப் பேச மாட்டேன்.
உணவகம், மெழுகுதிரி, காதலர்கள், மேசைக்கடியில் நாய்.
றோசாப்பூ விற்பவன் ஒருவன் வருகிறான்,
எங்கள் நிறம், எங்கள் தலைவாரல்.
நாயகன் திரும்பாமலே இரண்டு விரலால் அவனைத் தள்ளுகிறான்.
அரங்கு சிரித்தது. நான்கு நொடி.
அந்த மாரியில் சென்ட் காலனில்
பூ வாளியோடு திரிந்தவன் என் அண்ணன் குகதாசன்.
இது அவனல்ல.
ஆனாலும் பெயர்ப் பட்டியல் முடியும்வரை எழும்பாமல் இருந்தேன்.
நாயின் பெயர் இருந்தது.

ஞாயிறு இரவு, கோப்பி இயந்திரத்தின் அருகே,
தாள்களை விரித்துக் கூட்டத் தொடங்கினேன்.
ஒன்று முதல் ஆறு வரை, அவ்வளவுதான் அச்சடித்திருந்தது.
றோசாப்பூப் படத்துக்கு ஐந்தரை, ஆறு,
மெக்ட்டில்டின் வட்டமான கையெழுத்தில் ஒன்று.
ஒன்றா? கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தவளா?
கோப்பைப் படத்துக்கு நாலரை, ஐந்து,
இனிப்புத் தேடியவளிடமிருந்து ஐந்து.

பிறகுதான் உறைத்தது.
இந்தப் பக்கப் பள்ளியில் ஆறு உச்சம்.
ஏழு நிமிடம் தள்ளி, அவளுடைய பள்ளியில், ஒன்று.
வேலியைக் கழற்றியவர்கள் இதைக் கழற்றவில்லை.

பேனை கையில் இருந்தது.
ஏழிலிருந்து கழித்தால் போதும், மூன்றாம் வகுப்புக் கணக்கு.
கழித்தால் றோசாப்பூ, கழிக்காவிட்டால் கோப்பை.
கொம்பனியில் ஐந்து ராப்பன் பிழைக்காக
இருட்டும்வரை இருந்து தேடியவள் நான்.
எழுதியிருப்பதைக் கூட்டச் சொன்னார்கள்.
கூட்டினேன்.
பதினாலரை.

ஹன்ஸ்யூர்க் வாசித்தார். ரேத்தோ கைதட்டினார்,
எதற்கென்று தெரியாமல், நன்றாகவே.

எல்லைவரை மெக்ட்டில்டோடு நடந்தேன்,
அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.
"கோப்பை கழுவுகிற படமா?" என்றாள்.
"அப்படியென்றால் எனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை.
இன்னொரு முறை பார்க்கவேண்டும். நித்திரையாகிவிட்டேனோ?"

"நானும் கொஞ்சம் தூங்கிவிட்டேன்" என்றேன்.