முப்பத்தெட்டு

முப்பத்தெட்டு என்றார் டாக்டர்.
எனக்கு முதலில் ஷூ அளவுதான் நினைவுக்கு வந்தது.
ராணிப்பேட்டை கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள் நான்.
முப்பத்தெட்டு என்றால்
எந்த ஊரிலோ நடக்கப்போகிற பெண்ணின் பாதம்,
வெள்ளைப் பெட்டி, நீல ஸ்டிக்கர்.
"ஆயிரம்மா. முப்பத்தெட்டாயிரம்.
ஒன்றரை லட்சமாவது இருக்கணும் பிளேட்லெட்."
காசு மாதிரி அதையும்
இருந்தவரைக்கும் எண்ணிப் பார்த்ததில்லை.

அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில்
மோனிஷாவுக்கு ஜன்னலோரக் கட்டில்.
மூன்றாம் நாள் ராத்திரி, கடைசி பஸ்ஸில்,
சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு
ஷமீம் அக்கா வந்து நின்றாள்.
"தொட்டுப் பாரு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.
வேறு கட்டில் இல்லை.
அன்றிலிருந்து அவள் தலைமாட்டில் அவன் கால்,
அவன் தலைமாட்டில் அவள் கால்.
கீழே தரையில் நான்,
கை மட்டும் மேலே.

எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனாங்க, என்பாள் நர்ஸ்.
சம்பளச் சீட்டின் பின்பக்கம் குறித்து வைத்தேன்,
நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு,
ஜோடி எண்ணுகிற அதே கணக்கு.
பெரியவளுக்கு ஐந்து.
தர்னேஷுக்கு இரண்டு.
அந்த இரண்டையே பார்த்துக்கொண்டு
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நிலவேம்புக் கஷாயத்தை என்மேலேயே துப்பினாள்.
"நீயே குடி."
குடித்தேன்.
எனக்கு ஒரு டம்ளர், உனக்கு ஒரு மூடி என்று பேரம்.
கசப்பு காதுவரை ஏறியது.
அவள் சிரிக்கவில்லை, ஆனால் மூடியை வாங்கினாள்.

அவர் ஒடிசாவில், லாரியோடு.
போன் எடுத்தால் முதலில் காற்று, அப்புறம்தான் குரல்.
"காய்ச்சல் விட்டுடுச்சா?"
விட்டுவிட்டது. அதுதான் பயம் என்கிறார்கள் இங்கே.
சூடு இறங்கின பிறகுதான் கண்ணை மூடக்கூடாதாம்.
இத்தனை வருஷம்
நெற்றி ஜில்லிட்டால் விளக்கணைத்துப் படுத்தவள்,
இப்போது அந்த ஜில்லிப்பைத் தொட்டுத் தொட்டு
நடுங்கிக்கொண்டிருந்தேன்.
இதை அவரிடம் எப்படிச் சொல்வது?
"பாத்து ஓட்டுங்க" என்றேன்.

ஒரு காலையில் பக்கத்துக் கட்டில் காலி.
கணியம்பாடிக் குழந்தை, நெளிநெளியாய் முடி.
"வீட்டுக்குப் போயிட்டாங்களா?"
நர்ஸ் தலையணை உறையை மாற்றினாள்.
நான் மறுபடி கேட்கவில்லை.

முப்பத்தொன்று.
இருபத்தொன்பது.
நாற்பத்துநாலு.
அப்புறம், எழுபது.
நடுவில் நான் என்ன சாப்பிட்டேன், எங்கே குளித்தேன்,
ஒன்றும் நினைவில்லை.

எட்டாம் நாள் அவன்
அக்காவின் கால் கட்டைவிரலைக் கடித்தான்.
அவள் அலறி, மறுகாலால் உதைத்தாள்.
வார்டே திரும்பிப் பார்த்தது.
அடிக்க ஓங்கிய கை
வழி மறந்து அந்தரத்தில் நின்றது.
"பசிக்குது" என்றான், கடித்த வாயால்.
கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில்
இட்லி, சர்க்கரை பொட்டலம்.
நாலு முடிந்து இன்னொன்று கேட்டான்.
அப்போதுதான் அழுதேன்.
அதுவரை நேரமில்லை.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்.
பத்து நாள் சம்பளம் போச்சு.
சூப்பர்வைசர் ஒன்றும் கேட்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.
பக்கத்து மெஷினில் சூடேற்றிய தோல்
பெல்ட்டில் ஊர்ந்து வந்தது.
என் உள்ளங்கை தானாகப் போய் அதன்மேல் படிந்தது.
நூற்றொன்று, என்றது கை.
இல்லை, நூற்றொன்று புள்ளி நாலு.
"இன்னாக்கா, தடவினே இருக்க?" என்றாள் பவுனு.
ஒண்ணுமில்லை என்று ஊசியைக் கீழிறக்கினேன்.

சாப்பாட்டு மணி அடித்ததும் ஷமீம் அக்காவுக்குப் போன்.
"அடிச்சுக்கிறாங்களா?"
"ஓயாம" என்றாள்.