ஆளுக்கொரு வட்டம்

முப்பத்தைந்தாவது மீட்டரில்
பெல்ட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு மூச்சு வாங்கினோம்,
நானும் ஆரோக்கியதாசும்.
தை மாதம், ஏழு பத்து.
ஏற்காட்டு மலையின் மேற்கு விளிம்பில்
ராத்திரியே படுத்துவிட்ட டவர்.
கீழே காடையாம்பட்டி இல்லை, ஓமலூர் இல்லை.
குளிர்ந்த காற்று கனமானது,
இரவெல்லாம் சரிவில் வழிந்து
பள்ளத்தில் தேங்கிப் பனிமூட்டமாகிவிட்டது.
அதற்குள்ளிருந்து ஒரு ரயில் ஊதியது.
ஊர் இருக்கிறது என்பதற்கு
அது ஒன்றுதான் சாட்சி.

பின்னங்கழுத்தில் வெயில் பட்டது.
ஸ்பேனரைத் தேடிக் குனிந்தவன் அப்படியே நின்றேன்.
மூட்டத்தின் மேல் எங்கள் டவரின் நிழல்,
அதைத் தொற்றிக்கொண்டு ஒரு ராட்சசன்,
அவன் தலையைச் சுற்றி
உள்ளே நீலம், வெளியே சிவப்பு,
காலண்டர் சாமிக்குப் போடுகிற மாதிரி
முழு வட்டம்.

"தாசு, என் தலையப் பாருடா."
"உன் தலையில என்ன இருக்கு? என் தலையப் பாரு."
"உனக்கு வெறும் நிழல்தான்டா விழுது."
"கண்ணு கிண்ணு கெட்டுப்போச்சா?"

அவன் நாகலூர்க் கோயிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறவன்,
கையுறையோடு சிலுவை போட்டுக்கொண்டான்.
நான் பாலிடெக்னிக்கில்
இயற்பியலில் மட்டும் அரியர் வைத்தவன்,
போடுவதற்கு ஒன்றுமில்லை.

கடைசியில் சாட்சிக்குப் போனை எடுத்தான்.
கையை நீட்டி ஒரு படம்.
படத்தில் வட்டம்
அவன் தலையிலும் இல்லை, என் தலையிலும் இல்லை.
நீண்ட கையின் நுனியில்
போனின் நிழலைச் சுற்றி நின்றது.
"இப்ப இதுக்கு யாரு பூசை பண்றது?" என்றான்.
டவரே ஆடும்படி சிரித்தோம்.

அன்று ராத்திரி தேடிப் படித்தேன்,
தேர்வுக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.
துளி, தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு.
விளிம்பை உரசி உள்ளே போகிற வெளிச்சம்
பின்சுவரில் மோதி,
தோலை ஒட்டியே கொஞ்சதூரம் ஊர்ந்து,
வந்த வழியே திரும்பிவிடுகிறது.
திரும்பும் அலைகள்
ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் கழிந்து
நிறம் நிறமாகப் பிரிகின்றன.
சூரியன், கண், துளி
மூன்றும் ஒரே கோட்டில் நின்றால்தான் கணக்கு.
என் கோடு என் கண் வழியாக ஓடுகிறது,
தாசின் கோடு அவன் கண் வழியாக.
ஒரு முழம் தள்ளித்தான் நின்றான்,
அவன் வட்டத்துக்கு நான் வெளியாள்.

இன்னொன்றும் படித்தேன்.
வெள்ளிக் கிரகத்தை ஒரு விண்கலம் சுற்றியதாம்.
அங்கே மேகம் தண்ணீரில்லை, கந்தக அமிலம்.
அதன் மேலும் இதே வட்டம் விழுந்திருக்கிறது.
வட்டத்தின் அகலத்தை அளந்து
அந்த அமிலத் துளியின் பருமனைச் சொல்லிவிட்டார்கள்.
துளி சிறுத்தால் வட்டம் பெருக்கும், அவ்வளவுதான் சூத்திரம்.
தலையே இல்லாத ஓர் இயந்திரத்துக்கு,
நானா நீயா என்று சண்டை போட
பக்கத்தில் ஓர் ஆரோக்கியதாஸ்கூட இல்லாத இடத்தில்.

ஆனால் டவரில் நின்ற அந்தப் பத்து நிமிஷத்தில்
இது ஒன்றும் தெரியாது.
சிரித்து ஓய்ந்ததும்
"சரி, உன்னோடத எனக்குச் சொல்லு" என்றான்.
சொன்னேன். அவனும் சொன்னான்.
அவனுக்கு மூன்று சுற்றாம்,
நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெளிச்சமாம்.
எனக்கு இரண்டுதான் தெரிந்தது.
நம்பினேன்.
அவன் கண்ணில் ஏறிப் பார்க்க
எந்த ஏணியும் இல்லை.

வெயில் ஏற, மூட்டம் நைந்தது.
வட்டம் அகன்று, வெளுத்து,
எந்த நொடியில் போனதென்று சொல்ல முடியாமல்
போயிருந்தது.
துருப்பிடித்த கனெக்டரை மாற்றி
மழைத்தண்ணீர் புகாமல் டேப் சுற்றினேன்.
தாசின் பையில் போன் அடித்தது.
கீழே, வெள்ளைக்குள்
முதலில் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது,
அப்புறம் ரோடு,
ரோட்டில் ஒரு பால் வண்டி.