மூன்றா, ஏழா

புன்டா அரீனாஸில் ஜூன் மாதம்
ஐந்தரைக்கே இருட்டிவிடும்.
ஆய்வறை ஹீட்டர் ஒரு பக்கம்தான் சுடும்.
வலது முழங்கால் வேக
இடது முழங்கால் விறைக்க
பிள்ளைகளின் பேச்சுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்று, வசை. இரண்டு, வதந்தி.
மூன்று, விளையாட்டுப் பேச்சு.
நான்கு, கேட்காமல் எடுத்த படம்.
ஐந்து, குழுவிலிருந்து நீக்கம்.
ஆறு, ஆள்மாறாட்டம்.
ஏழு, மிரட்டல்.
மிச்சத்தையெல்லாம் "பிற"வில் போடு
என்றார் பேராசிரியை ஓயார்சூன்.
பிற நிரம்பி வழிகிறது.

ஆயிரத்து நூற்றுச் சொச்சம் செய்திகள்,
எழுதியவர்களுக்குப் பதின்மூன்றிலிருந்து பதினாறு வயது.
பெயர் வரும் இடத்திலெல்லாம்
கணினி ஓர் எண்ணை வைத்திருக்கிறது.
"0417 வாய் நாறுது."
"0388-உம் 0417-உம் லவ்வாம்."
"0417 அம்மா மீன் வெட்டுற கையாலயே
சோறு போடுவாங்களாம்."
சிறைச்சாலைப் பதிவேடு போல இருக்கிறது.
காப்பாற்றத்தான் இப்படிச் செய்தோம்.

இதே செய்திகளை அடுத்த அறையில்
பல்தசார் மான்சியாவும் படிக்கிறான்.
என் எண் அவனுக்குத் தெரியக்கூடாது,
அவன் எண் எனக்கு.
வெள்ளிக்கிழமை ஒப்பிட்டோம்.
உடன்பாடு 0.81.
நல்ல எண், கட்டுரையில் போடலாம் என்றார்கள்.
எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

முரண்பட்டவற்றில் ஒன்று, 892:
"0417, நாளைக்கு வருவாய்தானே.
உனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறோம்."
கீழே பதினோரு சிரிப்பு முகங்கள்,
கண்ணில் நீர் தெறிக்க.

பல்தசார்: மூன்று.
நான்: ஏழு.

"இடம் பிடித்து வைப்பது அன்புதானே" என்றான்.
அவன் தீவுக்காரன்.
பள்ளிக்குப் படகில் போனவன்.
அண்ணன்கள் நால்வர் பையை வைத்து
அவனுக்குப் பலகையில் இடம் பிடிப்பார்களாம்.
"இதில் எங்கே மிரட்டல்? காட்டு.
எந்தச் சொல்?"

சொல் ஒன்றும் இல்லை.
அந்தத் "தானே"யைக் காட்டினேன்.
அவனுக்கு அது வெறும் தானே.

"உனக்கு எப்படித் தெரியும்?"

எட்டாம் வகுப்பில், சுற்றுலாப் பேருந்தில்
யாஸ்னாவுக்கு நாங்கள் இடம் பிடித்து வைத்திருந்தோம்.
கடைசி வரிசை, நடு இருக்கை.
அதில் என்ன ஊற்றினோம் என்பதை
இந்தக் கவிதையில்கூட எழுத மாட்டேன்.
முந்தின இரவு செய்தி அனுப்பியது நானில்லை.
நான் சிரித்தவர்களில் ஒருத்தி.
ஏழாவதோ எட்டாவதோ.

"குத்துமதிப்பாகச் சொன்னேன்" என்றேன்.

இருவரும் ஏழு போட்டால்
பேராசிரியை பெட்டகத்தைத் திறப்பார்.
0417-க்குப் பெயர் வரும்,
பள்ளிக்குத் தொலைபேசி போகும்.
ஒருவர் மட்டும் போட்டால்
விதிநூல், பக்கம் பன்னிரண்டு:
தீங்கைக் குறிக்கும் வெளிப்படையான சொல் இல்லையெனில்
மூன்று.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மூன்று என்றார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
திறந்திருந்தால் சான்று இருந்தது.

காபி வாங்க வெளியே போனேன்.
காற்று ஆளைத் தூக்கும் நாட்களில் பிடித்து நடக்கச்
சதுக்கத்து மூலையில் கயிறு கட்டியிருந்தார்கள்.
கையுறையில்லாத ஒரு பையன்
ஒரு கையில் கயிறு, ஒரு கையில் போன்,
குனிந்து எதையோ படித்துக்கொண்டே
என்னைக் கடந்தான்.
முகத்தைப் பார்க்கலாமென்று திரும்பினேன்.
தொப்பிதான் தெரிந்தது.

திரும்பி வந்து 893-ஐத் திறந்தேன்.
அது 0417 எழுதிய பதில்.
இந்த ஆயிரத்து நூற்றில்
அவனோ அவளோ எழுதியது அது ஒன்றுதான்:

"ஜன்னல் பக்கமா?"

அதன்பின் ஒன்றுமில்லை.
பயப்பட வேண்டாம், அன்றோடு முடிந்தது
தரவு சேகரிக்க எங்களுக்கிருந்த அனுமதி.
அது மார்ச். இது ஜூன்.

வசையில்லை, வதந்தியில்லை.
விளையாட்டுப் பேச்சா?
பிறவா?
மணி ஏழேகால். பல்தசார் விளக்கணைத்துப் போய்விட்டான்.
சேமிக்கும் பொத்தானை அழுத்துகிறேன்.
கணினி மறுபடி மறுபடி, மரியாதையாக,
893-க்கு எண் இடப்படவில்லை என்கிறது.