காற்று போகிற இடம்

ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை.
கொழுந்தனிடம் பாதி விலைக்கு வாங்கிய ஆம்னியில்
முதல் நீண்ட பயணம்.
வடசேரியில் புறப்படும்போது மணி எட்டு.
ஃபிளாஸ்கை மறந்து, திரும்பி வந்து, எடுத்து,
மறுபடி புறப்படும்போது எட்டே முக்கால்.

வில்லுக்குறி தாண்டியும் வேளிமலை
வலப்பக்கமாகக் கூடவே வந்தது.
உச்சியில் மேகம்,
ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு
குளத்திலிருந்து ஏறுகிறவர் மாதிரி.
"மக்ளே, மலைய பாரு, மலைய" என்றார் பெனட்.
மூன்றரை வயது ஆஷ்னி
முன்சீட்டின் முதுகில் கிழிந்த ரெக்சினுக்குள்
விரலை விட்டுப் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தாள்.

மாத்தூர் தொட்டிப்பாலம்.
கீழே, வெகு கீழே, பறளியாறு.
தென்னைகளை மேலிருந்து பார்ப்பது
முன்பின் தெரியாத பெண்ணின்
தலை வகிட்டைப் பார்ப்பதுபோல் கூச்சமாக இருந்தது எனக்கு.
பெனட் ஃபோனைத் தூக்கிப் பிடித்து
"இங்க, இங்க, அப்பாவப் பாத்துச் சிரி" என்று
பின்னோக்கி நடந்தார்.
அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன்.
அவள் குந்தி உட்கார்ந்து
சிமெண்ட் பலகையில் வரிசையாய்ப் போன எறும்புகளைக் காட்டி,
"இதெல்லாம் டிக்கெட் எடுத்துச்சா?"

திற்பரப்பில் அருவிக்கு அழுதாள்.
மரச்சீனிக்கும் மீன்கறிக்கும் அழவில்லை.
பிறகு உறங்கிப்போனாள்.

ரப்பர் தோட்டங்களின் நடுவே
வளைந்து வளைந்து ஏறியது சாலை.
ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் கறுப்புக் கிண்ணம்.
வெயில்கூட அங்கே
கீறிவிட்டதுபோலத்தான் சொட்டுகிறது.
மலைகள் ஒவ்வொன்றாய்ச் சன்னலுக்கு வந்து
அவள் வாய் திறந்து உறங்குவதைப் பார்த்துவிட்டுப் போயின.
"இவ ஒண்ணுமே பாக்கலியே" என்றார்.
நான் மட்டும் என்ன பார்த்தேன்?
வாந்தி வருமா வருமா என்று
அவள் முகத்தைத்தான்.

குலசேகரத்தைத் தாண்டிய ஒரு வளைவில்
வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து நொண்டியது.
ஜாக்கி இருந்தது. ஸ்டெப்னி இருந்தது.
ஸ்டெப்னியில் காற்று இல்லை.
கொழுந்தனைப் பற்றி அப்போது அவர் சொன்னதை
இங்கே எழுதுவதற்கில்லை.

பஞ்சர் கடைப் பையன்
காதில் பாட்டு மாட்டியிருந்தான். பேசவில்லை.
டியூபை உருவினான், காற்றடித்தான்,
பாதியாய் வெட்டிய டிரம்மில் நிறைந்திருந்த
கறுத்த தண்ணீருக்குள் அமுக்கினான்.
முழித்திருந்தாள் ஆஷ்னி.
டிரம்மின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு
மூச்சுகூட விடாமல்.
அவன் திருப்பினான். ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை.
அப்புறம் சரம்சரமாய்க்
குமிழி.
"ஆணியாக்கும்" என்றான்.
அவள் கைதட்டினாள்.
அருவிக்கு, பாலத்துக்கு, மலைக்கு
நாள் முழுக்க நாங்கள் கெஞ்சிய கைதட்டல்.
"இன்னொருக்க" என்றாள்.
அவன் முதல்முறையாய்ச் சிரித்து
ஒட்டுப்போட்டதையும் ஒருமுறை முக்கிக் காட்டினான்.

பேச்சிப்பாறைக்குப் போகவில்லை. இருட்டிவிட்டது.

இரவு குளியலறையில் ரொம்ப நேரம் சத்தமில்லை.
சத்தமில்லாத பிள்ளை என்றால் எழுந்து ஓட வேண்டும்,
நாங்கள் அசந்திருந்தோம்.
போய்ப் பார்த்தால் வாளி நிறைய வெள்ளம்.
அதில் பொம்மை, என் செருப்பு ஒன்று,
சீப்பு, பவுடர் டப்பா.
கடைசியாக அப்பாவின் ஃபோன்.
இருநூற்றுப் பதினோரு படங்களோடு
முழங்கை வரை அமுக்கிப் பிடித்திருந்தாள்.
ஓரத்துச் சின்னத் துளைகளிலிருந்து
மூன்று, நான்கு,
கடுகளவு குமிழிகள் ஏறிவந்தன.
"அப்பா, இங்கயாக்கும் ஓட்டை!"

பெனட் கதவைப் பிடித்தபடி நின்றார்.
கோபம் முகம் வரைக்கும் வந்து
எதனாலோ இறங்கிப்போனது.
குனிந்து, "எங்க, காட்டு" என்றார்.

அரிசிப் பானைக்குள் மூன்று நாள் வைத்தும்
படம் ஒன்றும் திரும்பவில்லை.
அதனால் எழுதிவைக்கிறேன்:
வேளிமலை வலப்பக்கம் வந்தது.
மேகம் இருந்தது.
எறும்புகள் டிக்கெட் எடுக்கவில்லை.