வானத்தில் ஒரு கொசு

படத்தை இறக்கியதும்
சுவரில் ஒரு வெளுத்த சதுரம்.
அறுபது குளிர்காலம் அடுப்பு எரிந்த சமையலறையில்
புகை தொடாத இடம் அது ஒன்றுதான்.

"கூரைக்குத் தேறுமா?" என்றார் அந்தெல்ம் ரூஃபியாக்.
படம் என்ன விலை என்று கேட்கவில்லை.

ஜன்னலோரம் சாய்த்து வைத்தேன்.
"க்ரூஸ் ஆறு. மில்லுக்குக் கீழே" என்றார்.
எதிர்க்கரையில் பாப்ளர் மரங்கள்.
முக்கால் பங்கு வானம்;
நிலத்துக்கு, மிச்சம் விழுந்ததைக் கொடுத்த மாதிரி
கொஞ்சம் ஈரப் பச்சை.
அதில் ஒரு பழுப்புப் பசு.
வலது மூலையில் ஒரு பெரிய பெயர்.
லிமோஜிலிருந்து வரும் வழியெல்லாம்
அந்தப் பெயரோடு
நாற்பதாயிரம் யூரோவும் என் காரில் வந்திருந்தது.

திரையை இழுத்து மூடி
புறஊதா விளக்கைப் பிடித்தேன்.
பழைய வார்னிஷ் குளத்துப் பாசியாய் மினுங்க
கையெழுத்து மட்டும் கன்றிக் கறுத்தது.
பசுவும் கறுத்தது.
பசு நின்றால் விலை போகும் என்று
எவனோ ஒரு வியாபாரி
கூலி கொடுத்து மேயவிட்டிருக்கிறான்.

"ஆயிரத்து இருநூறு" என்றேன்.
அவர் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினார்.

"பசு பொய்யென்று எனக்கு எப்போதும் தெரியும், மதாம்.
மார்ச்சில் அந்தக் கரையில் மாடு விடமாட்டோம்.
குளம்பு அழுகிவிடும்."
மார்ச் என்று எப்படி?
தொடாதீர்கள் என்று நான் சொல்வதற்குள்
தடித்த விரல் கிளைகளின்மேல் போய்விட்டது.
"இந்தச் சிவப்பு. பாப்ளர் பூக்கும்போது வரும்.
பத்து நாள்கூட நிற்காது."

நான் அதைத் துரு என்று எண்ணியிருந்தேன்.
நிறம் கெட்டுப்போனதென்று
படிவத்தில் எழுதவும் செய்திருந்தேன்.

அடித்துவிட்டு, பூதக்கண்ணாடியோடு குனிந்தேன்.
ஈரத்தின்மேல் ஈரமாய் அள்ளிப் போட்ட வெள்ளை.
மேகத்தின் வயிற்றைப் பெருவிரலால் தேய்த்திருக்கிறான்,
ரேகை அப்படியே இருக்கிறது.
இடது ஓரம் ஒரு கொசு,
நாலு கால் மிச்சம்.
எடுத்துப்போட நேரமில்லை அவனுக்கு.
மழை வந்துகொண்டிருக்கிறது,
சிவப்பு போய்க்கொண்டிருக்கிறது.

எழுதினேன்:
மேல்பூச்சு, இரண்டு இடம்.
சட்டத்தில் பூச்சி அரிப்பு.
கொசு, ஒன்று.
அதற்கென்று பத்தி கிடையாது. பழுதில் சேர்த்தேன்.

"பசுவை எடுக்க என்ன ஆகும்?"
படத்தின் விலையைத் தாண்டும்.
பரணுக்கு மேலே எங்கோ சொட்டியது,
தகரப் பாத்திரம் ஒன்று வாங்கிக்கொண்டது.
"அதன் அடியில் என்ன இருக்கும்?"
தண்ணீர் என்றேன். வெள்ளம் வந்த புல்வெளி.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்படியென்றால் எடுத்துவிடுங்கள்.
பாவம், நூறு வருஷத்துக்கு மேலாய்
தண்ணீரிலேயே நிற்கிறது."

பாத்திரம் நிறையும் சத்தம் மாறிவிட்டிருந்தது.