இரண்டு மில்லிமீட்டர்

இரண்டு பேருக்கும் டை வெட்டிக் கொடுத்தவன் நான்தான்.
அமிர்தகடேசனுக்கு ஆவணியில்,
ஹாஜா மைதீனுக்கு ஐப்பசி அடைமழையில்.
பந்தித் தட்டின் கைப்பிடி ஒன்றை வைத்து
கும்பகோணத்தில் இரண்டு வக்கீல்கள்
மாடி எழுப்பிவிட்டார்கள்.

கைப்பிடியின் உள்பக்கம் ஒரு குழி.
கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும்.
பன்னிரண்டு கிண்ணம் பாயசத்தோடு தூக்கினாலும்
தட்டு சாயாது.
அந்தக் குழியைக் கல்கத்தாவுக்கு எழுதிப் பதிந்து
எண் வாங்கி
சாமி படத்துக்குப் பக்கத்தில்
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் அமிர்தகடேசன்.

'வாதி பல இரவுகள் உறங்காது சிந்தித்துக் கண்ட வடிவம்'
என்றது மனு.
'காலங்காலமாய் யாவரும் அறிந்த வடிவம்'
என்றது எதிர்மனு.
இரண்டிலும் ஒரே எழுத்தில் புள்ளி விட்டுப் போயிருந்தது.
ஒரே டைப்பிஸ்ட்.

கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள்,
யார் வடிவமைத்தது?

அன்றைக்கு மூன்றேகால் மணிக்கு
கட்டர் பாதி ஓடும்போது கரன்ட் போனது.
டீ குடிக்கப் போனேன்.
திரும்ப வந்த கரன்ட்டில் கட்டர் ஒரு துள்ளு துள்ளி
இரண்டு மில்லிமீட்டர் உள்ளே கடித்துவிட்டது.
எஃகு விற்கிற விலைக்குத் தூக்கிப் போட மனம் வருமா ஐயா.
ஓரத்தை அரத்தால் மழுக்கி
ஒன்றும் நடக்காதது போலக் கொடுத்தேன்.
"பிடிக்க வாகா இருக்கே" என்றார் அமிர்தகடேசன்.
"யோசிச்சுத்தான் செஞ்சேன்" என்றேன்.
அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்
மூன்று வருஷமாக வாய்தா.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"மின்வாரியத்தையும் ஒரு தரப்பாகச் சேர்க்கணுமோ?"
வக்கீல்கள் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.
இந்த வழக்கில் அவர்கள் ஒத்துப்போனது
அந்த ஒரு இடத்தில்.

ஹாஜாவின் டையில் அதே குழியை
அளவு பார்த்து வெட்ட
எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது.
தப்பாக விழுந்தபோது ஒரு நொடி.
இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் வாக்குமூலத்தைப் பிடித்துக்கொண்டு
பதிவையே ரத்து செய்யச் சொல்லிவிட்டார் ஹாஜா.
இனி சென்னையில்தான் விசாரணையாம்.

தட்டு ஊருக்குக் கிளம்பியது.
குமாஸ்தா கைப்பிடியில் சணல் சுற்றி, சீட்டுக் கட்டி,
அரக்கை உருக்கி ஊற்றினார்.
முடிச்சில் நிற்காமல் வழிந்த அரக்கு
குழிக்குள் இறங்கி
அளவெடுத்தது போல நிறைந்தது.
முத்திரையைத் தேடினார். மேஜையில் இல்லை.
ஆறுவதற்குள் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

ஸ்ஸ் என்று எடுத்து
வாயில் வைத்துக்கொண்டார்.